பெயர் வைக்க மாட்டேன்

நாவல் எழுதுகிறவனிடம் ஜனங்கள் கேட்கும் உதவிகளில் மிகவும் சாதாரணமானது, பெயர் வைத்துத் தரச் சொல்வதுதான். பிறந்த குழந்தைக்கு, கட்டிய வீட்டுக்கு, திறக்கப்போகும் துணிக்கடைக்கு என்று எத்தனையோ பெயர்கள் கொடுத்திருக்கிறேன். பதிலுக்கு ஒரு தம்ளர் காபிக்கு மேல் வாங்கியதில்லை. ஆனால் சென்ற மாதம் என் தமக்கை மகன் கேட்ட பெயரை மட்டும் தர மறுத்துவிட்டேன். ஏன் என்று அவன் தொலைபேசியில் கேட்டபோது எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது, எழுத்துத்தான் வரும். ஆகையால் எழுதுகிறேன், அவன் ஒருவனுக்காக மட்டுமன்று.

பையன் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் வேலையாக இருக்கிறான். நல்லவன், கொசுவை அடிப்பதற்குக்கூட ஒரு கணம் யோசிக்கிற சுபாவம். மூன்று வருஷமாகப் பாம்பு வளர்க்கிறான். பாம்பென்றால் படமெடுக்கிற நல்லபாம்பு அல்ல. விஷமில்லாத, நாலைந்து அடிக்குள் அடங்குகிற மலைப்பாம்பு. 'பால் பைதான்' என்று பெயர். பால் என்றதும் நம் பெண்கள் புற்றுக்கு ஊற்றும் பால் நினைவுக்கு வரும். அதுவல்ல, இது பந்து. பயம் வந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். அதனால் வந்த பெயர். தன்னைக் காத்துக்கொள்ள அதற்குத் தெரிந்த முக்கிய உபாயம் இப்படி ஒளிந்துகொள்வதுதான். நாம் பந்து மலைப்பாம்பு என்றே சொல்லுவோம்.

விடுமுறையில் வந்திருந்தபோது பையன் கைத்தொலைபேசியில் ஒரு படம் காட்டினான். பொன்னிற உடம்பு, அதன்மேல் சிலந்தி நூல் படர்ந்தாற்போல மெல்லிய கறுப்புக் கோடுகள். சிலந்தி என்ற பொருளில் 'ஸ்பைடர்' என்றே அந்த ரகத்துக்குப் பெயர். வாஸ்தவத்தில் கண்கொள்ளாத அழகு. அந்தப் பாம்பு தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் அசைத்தது. "அடேயப்பா, மகுடிக்கு ஆடுகிறாற்போல ஆடுகிறதே!" என்றாள் என் மனைவி. நானும் சிரித்தேன்.

பிறகு அவன் ஓர் எலியை இடுக்கியால் பிடித்து நீட்டினான். பாம்பு பாய்ந்தது, குறி தவறியது. மறுபடி பாய்ந்தது, மறுபடியும் தவறியது. கழுத்து திருகாணி போல் முறுக்கிக்கொண்டது. தலை தலைகீழாகப் புரண்டு, தாடை வானம் பார்த்து நின்றது. எது மேல், எது கீழ் என்று அதற்குத் தெரியவில்லை என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கியது. நாங்கள் ஆட்டம் என்று நினைத்தது தள்ளாட்டம்.

"ஏண்டா, இது ஏன் இப்படித் தடுமாறுகிறது?" என்றேன்.

"அந்த ரகமே அப்படித்தான், மாமா. ஒன்றும் செய்யாது. நன்றாகச் சாப்பிடுகிறது" என்றான்.

அதன் பிறகுதான் பெயர் விஷயம் வந்தது. அவனிடம் அந்த ரகத்தில் இரண்டு பெண் பாம்புகள் இருக்கின்றன. வருகிற குளிர்காலத்தில் வேறொரு நிறத்து ஆணோடு சேர்க்கப்போகிறான். பிறக்கிற குஞ்சுகள் இதுவரை யாரும் பார்த்திராத நிறத்தில் இருக்குமாம். "எல்லாரும் இங்கிலீஷ் பெயராகவே வைக்கிறார்கள், மாமா. நாம் ஒரு தமிழ்ப் பெயர் வைத்தால் என்ன?" என்றான். தமிழபிமானத்தைத் தூண்டில் புழுவாகப் போட்டுப் பார்த்தான், பயல்!

நான் அன்று பதில் சொல்லவில்லை. ஊருக்குப் போனபின் தொலைபேசியில் மறுபடி கேட்டான். மறுத்தேன். அதற்கிடையே இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துப் பார்த்திருந்தேன். படிக்கப் படிக்க, "அந்த ரகமே அப்படித்தான்" என்ற அவனுடைய வார்த்தைதான் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டு கிடந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிறத்தின்மேல் எனக்கு விரோதம் கிடையாது. பாம்பு வளர்ப்பவர்கள்மேலும் கிடையாது. இந்தக் கலையின் ஆரம்பம் மிகவும் கௌரவமானது. வட அமெரிக்காவில் சோளப் பாம்பு என்று ஒரு சாதுவான பாம்பு உண்டு. ஜார்ஜியா மாநிலத்தில் தோல்நோய் வைத்தியராக இருந்த பெர்னார்டு பெக்டல் என்பவர், கறுப்பு நிறமே இல்லாமல் பிறந்த ஒரு சோளப் பாம்பை வைத்துத் தம் மனைவியோடு சேர்ந்து இனப்பெருக்கம் செய்து பார்த்தார். மெண்டல் பாதிரியார் பட்டாணிச் செடியில் கண்ட விதி பாம்பிலும் செல்லுபடியாகிறதா என்பதே அவர் கேள்வி. செல்லுபடியாகிறது என்று 1962-இல் எழுதி வெளியிட்டார். ஒரு தோல் வைத்தியருக்குத் தோலின் நிறத்தைப் பற்றி வந்த நியாயமான சந்தேகம். அதற்கு ஒரு விடை. அந்த வெளிர்நிறச் சோளப் பாம்புகள் தள்ளாடவும் இல்லை. மற்றப் பாம்புகளைப்போல் உண்டு, ஊர்ந்து, முட்டையிட்டு வாழ்கின்றன.

கேள்வி இருந்த இடத்தில் விலைச்சீட்டு வந்து உட்கார்ந்ததுதான் பிற்பாடு நடந்த கதை. 1992-இல் ஒக்லஹோமாவைச் சேர்ந்த பாப் கிளார்க் என்பவர் வெள்ளையும் மஞ்சளுமான பந்து மலைப்பாம்புக் குஞ்சுகளை முதன்முதலாகத் தம் பண்ணையில் பொரிக்கவைத்தார். ஒவ்வொரு குஞ்சும் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போயிற்று. உடனே ஆப்பிரிக்காவிலிருந்து வரும் பாம்புச் சரக்குகளில் நிறம் மாறிய ஒன்று கிடைக்காதா என்று பலரும் தேட ஆரம்பித்தார்கள். அப்படி 1999-இல் வந்து சேர்ந்ததுதான் சிலந்திப் பாம்பின் மூலபுருஷன்.

அந்தச் சரக்கில் ஒரு பெரிய சௌகரியம் இருந்தது. வெள்ளைப் பாம்பு பிறக்கத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வரவேண்டும். சிலந்திக்கு ஒருவரிடமிருந்து வந்தால் போதும். சாதாரணப் பாம்போடு சேர்த்தாலே குஞ்சுகளில் சராசரியாகப் பாதி சிலந்தியாகப் பிறக்கும். ஆகவே பெருக்குவது சுலபம். மற்ற நிறங்களோடு கலப்பது அதைவிடச் சுலபம். புடவைக் கடையில் தீபாவளிக்குத் தீபாவளி புது டிசைன் இறங்குகிறதே, அதே மாதிரி வருஷத்துக்கு வருஷம் புதுப் பாம்பு இறங்கியது. இன்று நிறங்களும் கலப்புகளுமாக ஆயிரக்கணக்கில் பெயர்கள் இருக்கின்றன.

ஆனால் அந்தப் பொன்னிறத்தோடு தள்ளாட்டமும் வந்தது. ஒன்றுக்குக் கொஞ்சம், ஒன்றுக்கு அதிகம். அடியோடு இல்லாத சிலந்திப் பாம்பு கிடையாது என்று வெகுகாலம் வளர்த்தவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். நிறத்தை வைத்துக்கொண்டு நோயை மட்டும் கழித்துவிடலாம் என்று தலைமுறை தலைமுறையாக வேறு இரத்தம் கலந்து பார்த்தார்கள். முடியவில்லை. இரண்டு சிலந்திகளைச் சேர்த்தால், இரு பக்கத்திலிருந்தும் அந்த மரபணுவைப் பெற்ற கரு பிழைப்பதே இல்லை என்று அவர்களே நம்புகிறார்கள்.

2022-இல் ஜெர்மன் விஞ்ஞானிகள் சிலர் இந்தப் பாம்புகளின் மண்டையை நுண்கதிர்ப் படம் எடுத்து, சாதாரணப் பந்து மலைப்பாம்பின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாம்புக்கு வெளிக்காது இல்லையே தவிர, நமக்கு இருப்பதுபோல் உள்காது உண்டு. உடம்பின் சமநிலையைக் காப்பது அதுதான். சிலந்திப் பாம்புகளில் அந்த உள்காதின் அரைவட்டக் குழல்களும் அவற்றின் அடிப்பைகளும் உருக்குலைந்திருந்தன. நிறமும் காதும் இப்படிப் பிணைந்திருப்பது ஒன்றும் புதுமையல்ல. நீலக் கண் பூனைகளுக்குக் காது கேளாது என்று டார்வின் 1859-இல் வெளியிட்ட நூலிலேயே குறித்திருக்கிறார். ஆக, கையிலிருக்கும் பூவா தலையா ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். பூவை மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல முடியாது.

சிலந்தி ஒன்றோடு இது முடியவில்லை. சினமன் என்ற பழுப்பு நிறத்தை இரட்டிப்பாக்கினால் குஞ்சுகளில் சில வாத்தின் அலகு போன்ற மூக்கோடும், சில வளைந்த முதுகெலும்போடும் பிறக்கின்றன. பாம்பின் ஒன்றுவிட்ட உறவான சிறுத்தைப் பல்லியில் 'லெமன் ஃப்ராஸ்ட்' என்று ஒரு வெண்மஞ்சள் ரகம் உண்டாக்கினார்கள். அதில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட பல்லிகளுக்குத் தோலில் கட்டி புறப்படுகிறது. அந்த வெண்மையைத் தரும் உயிரணுக்களே மிதமிஞ்சிப் பெருகிக் கட்டியாகின்றன என்று 2021-இல் கலிபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள்.

இனி மறுபக்கத்து வாதங்களைப் பார்ப்போம். என் மருமகன் தொலைபேசியில் அடுக்கியவைதாம் அவை. அவன் கெட்டிக்காரன், வாதங்களும் கெட்டிக்கார வாதங்கள்தாம்.

முதல் வாதம்: "நன்றாகச் சாப்பிடுகிறது, முட்டையிடுகிறது, வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கிறது. பிறகு என்ன துன்பம்?" துன்பம் இல்லை என்பதற்குப் பசியும் பிரசவமும் அத்தாட்சி என்றால், உலகத்தில் துன்பப்பட்ட ஜீவனே இருந்திருக்காது. பாம்பின் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்று நான் கதை கட்டத் தயாராயில்லை. ஆனால் ஒருமுறை எனக்கு உள்காதில் அழற்சி வந்து, பத்து நாள் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு கிடந்தேன். கண்ணை மூடினால் அறை சுழன்றது. திறந்தால் வயிற்றைப் புரட்டியது. எனக்காவது பிடித்துக்கொள்ளக் கையும், மாத்திரை தர வைத்தியரும், பதினோராம் நாளும் இருந்தன. அந்தப் பாம்புக்குப் பதினோராம் நாள் கிடையாது. வளர்ப்பில் அது இருபது முப்பது வருஷம் வாழும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலைக்கு 1961-இல் வந்த ஒரு பந்து மலைப்பாம்பு, 2020-இல் கூட முட்டையிட்டது. வாழ்நாள் நீளம் என்பது இந்த இடத்தில் ஆறுதலான செய்தியா? தண்டனையின் நீளம் அல்லவா அது?

இரண்டாவது வாதம்: "அந்த மரபணுவை நாங்களா உண்டாக்கினோம்? இயற்கைதானே காட்டில் உண்டாக்கியது?" மெய்தான். இயற்கை அதை ஒருமுறை உண்டாக்கியது. காட்டில் விட்டிருந்தால், குறி தவறுகிற அந்தப் பாம்பு பட்டினியாலோ ஒரு பருந்தாலோ முடிந்திருக்கும். விஷயமும் அதோடு முடிந்திருக்கும். ஒன்றை ஆயிரமாக்கியவன் மனிதன். பிறவிக் குருடாக ஒரு குழந்தை பிறப்பது விதி என்று சொல்லிக்கொள்ளலாம். குருடாகவே பிறக்கட்டும் என்று ஜோடி பார்த்துக் கல்யாணம் செய்துவைத்தால் அதற்கு விதி என்றா பெயர்?

மூன்றாவது வாதம்தான் கொஞ்சம் கனமானது: "நாங்கள் வீட்டில் வளர்த்து விற்பதால் காட்டுப் பாம்பு பிழைக்கிறது." ஓரளவு நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கணக்கின் மறு பக்கத்தையும் பார்க்கவேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளிலிருந்து பல பத்தாண்டுகளாக லட்சக்கணக்கில் இந்தப் பாம்புகள் கப்பலும் விமானமும் ஏறியிருக்கின்றன. சினைப் பாம்புகளைப் பிடித்துவந்து முட்டையிடச் செய்து, குஞ்சுகளை ஏற்றுமதி செய்வது அங்கே ஒரு தொழில். அந்தச் சரக்கில் விசித்திர நிறம் ஒன்று அகப்பட்டால் அதிர்ஷ்டம். வீட்டில் வளர்ப்பது காட்டைக் காப்பாற்றலாம். நிறப் பசி காட்டைத் துழாவத்தான் செய்யும். மேலும், காட்டுப் பாம்பைக் காப்பதற்கு வீட்டுப் பாம்பு தள்ளாட வேண்டிய அவசியம் என்ன? தள்ளாடாத ரகங்கள்தாம் நூற்றுக்கணக்கில் இருக்கின்றனவே!

அந்தப் பாம்பின் தாய்வீட்டைச் சொன்னதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். பெனின் நாட்டில் வீடா என்ற ஊரில் மலைப்பாம்புக் கோயில் ஒன்று இருக்கிறது. இதே இனத்துப் பாம்புகள் அங்கே தெய்வமாக உலாவுகின்றன. நைஜீரியாவின் சினுவா அச்சேபி 1964-இல் வெளியிட்ட 'ஆரோ ஆஃப் காட்' என்ற நாவலைப் படித்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. பூசாரியின் மகன் மிஷன் பள்ளியில் சேர்கிறான். புது மதத்தில் தன் உறுதியைக் காட்ட, ஊர் வணங்கும் அரச மலைப்பாம்பைக் கொல்லத் துணிவில்லாமல், தன் மரப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறான். தானாகச் செத்துப்போனால் தன்மேல் பழி இல்லை என்பது அவன் கணக்கு. பெட்டி அசைகிறது. வீடே திகைத்து நிற்கிறது. தகப்பன் வந்து பெட்டியை உடைத்துத் திறக்கிறான்.

ஒரு நாவலாசிரியன் என்ற முறையில் அந்தப் பெட்டியைக் கண்டு நான் பொறாமைப்பட்டதுண்டு. இப்போது அதை நினைத்தால் வேறு உணர்ச்சி வருகிறது. பண்ணைகளில் இந்தப் பாம்புகளை எப்படி வைத்திருக்கிறார்கள் தெரியுமா? மேசை இழுப்பறை போன்ற பிளாஸ்டிக் தட்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக அலமாரி உயரத்துக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு பாம்பு. பல தட்டுகளில் அது உடம்பை முழுக்க நீட்டிப் படுக்கவும் இடம் இராது. அச்சேபியின் பையனுக்கு ஒரு பெட்டிதான் இருந்தது. அவனுக்குப் பயமும் இருந்தது. இங்கே நூற்றுக்கணக்கில் பெட்டி, பயம்தான் இல்லை. பழி தன்மேல் விழாது என்கிற கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

இதெல்லாம் யாரோ வெள்ளைக்காரன் கதை, நமக்கென்ன என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டுவதற்குமுன் ஒரு வார்த்தை. 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து கேட்பாரற்றுக் கிடந்த பெட்டிகளைச் சுங்க அதிகாரிகள் திறந்தார்கள். உள்ளே 45 பந்து மலைப்பாம்புகளும் 8 சோளப் பாம்புகளும் இருந்தன. அதே வருஷம் ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவருடைய பெட்டியில் 47 பாம்புகள். வாங்க ஆள் இல்லாமலா பெட்டி கட்டுகிறார்கள்? நம் ஊரிலும் யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில், விருந்தாளிகளுக்குக் காட்ட ஒரு நிறம் தேவைப்படுகிறது. அவ்வளவு தூரம் போவானேன்? 2003-ஆம் வருஷத்துத் தொலைபேசி விளம்பரம் ஒன்றில் ஒரு சின்ன நாய் பையன் பின்னாலேயே ஓடியது. நாடே அந்த மூஞ்சியைக் கேட்டு வாங்கியது. மூக்கு நசுங்கிய அந்த நாய் மூச்சுக்குத் திணறுவதை நாமும் 'செல்லக் குறட்டை' என்றுதானே சொல்லிச் சிரித்தோம்? பாம்பின் தள்ளாட்டத்தை ஆட்டம் என்றவர்களும் நாம்தாம். என் வீட்டிலிருந்தே சாட்சி சொல்லியிருக்கிறேன்.

இந்த வியாபாரத்தின் சூட்சுமமே பெயர்தான். சிலந்தியோடு 'பாஸ்டல்' என்ற மஞ்சளைக் கலந்தால் 'பம்பிள்பீ'. அந்த மஞ்சளை இரட்டிப்பாக்கினால் 'கில்லர் பீ'. வண்டு, தேனீ என்று கேட்கும்போது வாயில் தித்திக்கிறது. உள்ளே சிலந்தியின் காது இருப்பது அந்தப் பெயரில் எங்கே தெரிகிறது? முதல்முதல் பாம்பு வாங்குகிற பிள்ளை பெயரையும் நிறத்தையும் பார்த்துப் பணத்தைக் கொடுக்கிறான். வீட்டுக்கு வந்தபின் பாம்பு தலைகீழாகப் புரளும்போது, "அந்த ரகமே அப்படித்தான்" என்று சமாதானம் வருகிறது. 'நோய்' என்று சொன்னால் யாராவது மருந்து கேட்பார்கள். 'ரகம்' என்று சொல்லிவிட்டால் கேள்வியே கிடையாது. இந்த மோசடிக்குத்தான் தமிழிலிருந்து ஒரு சொல் கடன் கேட்டான் என் மருமகன். சொல்லை விற்று ஜீவிக்கிறவன் நான். ஆனால் இந்தக் கடைக்குச் சரக்கு தர மாட்டேன்.

செய்யவேண்டியது பெரிய காரியமும் அல்ல. இந்த ரகங்களைச் சேர்க்காமல் இருந்தால் போதும். சிலந்திக்கு மறைந்திருந்து முளைக்கிற வித்தை தெரியாது. இருந்தால் வெளியே தெரிந்தே தீரும். ஆகவே எல்லாரும் ஒருமித்துக் கைவிட்டால், இப்போது உயிரோடு இருப்பவை காலமாகும்போது அந்தத் துன்பமும் உலகத்தைவிட்டுப் போய்விடும். இப்படித் தீர்க்கக்கூடிய துன்பங்கள் உலகத்தில் எத்தனை இருக்கின்றன? பிரிட்டனில் இன்டர்நேஷனல் ஹெர்பெட்டலாஜிக்கல் சொசைட்டி என்ற ஊர்வன ஆர்வலர் சங்கம் 2018-இலேயே தன் விற்பனைக் கண்காட்சிகளில் சிலந்திப் பாம்பை விற்கக்கூடாது என்று தடுத்துவிட்டது. பாம்பைப் பிடிக்காதவர்கள் போட்ட தடையல்ல அது. பாம்பின்மேல் ஆசை கொண்டவர்களே போட்டது. ஜெர்மனியில் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இதற்கு ஒரு பிரிவு உண்டு. பிறக்கும் குட்டி வேதனைப்படும் என்று தெரிந்தே இனம் பெருக்கக்கூடாது என்கிறது அது. 'குவால்ட்ஸுக்ட்' என்று அவர்கள் பாஷையில் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். வதை வளர்ப்பு என்று தமிழில் சொல்லலாம். தம்பி, புது ரகத்துக்குத் தமிழ்ப் பெயர் கேட்டாயே, இதோ இருக்கிறது. இந்தப் பெயரைப் பெட்டிமேல் ஒட்டி விற்பாயா?

உன்னிடம் இருக்கிற இரண்டு பாம்புகளையும் எங்கேயாவது விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. அவை பிறந்தது அவற்றின் குற்றமல்ல. கலவரப்படுத்தாமல், உயரத்தில் ஏற்றாமல், எலியை வாய்க்கு நேராகக் காட்டி, அவை இருக்கிறவரைக்கும் நன்றாக வைத்துக்கொள். குளிர்காலம் வரும், அந்த ஆண் பாம்பு அதன் பெட்டியிலேயே இருக்கட்டும். இழப்பது கொஞ்சம் பணமும், உன் சிநேகிதர்கள் நடுவே ஒரு நாள் பெருமையும். அவ்வளவுதான்.

அந்த இரண்டுக்கும் நீ இன்னும் பெயரே வைக்கவில்லை என்றும், எண் போட்டுத்தான் வைத்திருக்கிறாய் என்றும் பேச்சுவாக்கில் சொன்னாய். அவற்றுக்குக் கேள். இன்றைக்கே யோசித்து இரண்டு நல்ல தமிழ்ப் பெயர் எழுதி அனுப்புகிறேன். காபிகூட வேண்டாம்.